இன்னைக்கு நாங்க வெட்டல

“நீயே கேட்டுடு, ரெனா.”

“கேக்க மாட்டேன்.”

“கேட்டா என்ன, வாய் வெந்துடுமா?”

“பதினேழு பருவம் கரும்பு வண்டி ஓட்டியிருக்கேன்மா. பக்கத்துலயே இருந்து பாத்துட்டுத்தான இருக்காரு. அவராக் குடுக்கணும். கேட்டு வாங்குறதுக்கு அது என்ன கடையில விக்கிற உப்பா?”

“சரி, நான் கேக்கவா?”

“நீ கேட்டா உன்கூடப் பேச மாட்டேன்.”

“பயப்படாத, கேக்க மாட்டேன். நான் கேட்டா அது என் ஆசை ஆயிடும். என் ஆசைக்கெல்லாம் உங்கப்பாகிட்ட ஒரே பதில்தான், ‘அரவை முடியட்டும்’. நாப்பத்தோரு வருஷமா அந்த அரவை முடியல.”

இது ஜூலையில் நடந்த பேச்சு. பெர்தோலா வீட்டுக் கொட்டகையில் சலாமி போடும் நாள். அம்மா இர்மா குடலுக்குள் இறைச்சியைத் திணிக்கத் திணிக்க, மகள் ரெனாட்டா நூலால் கட்டி உத்தரத்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அன்று மாட்டிய சலாமிகள் எல்லாம் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தன என்று இர்மா பிறகு பக்கத்துப் பண்ணையில் இருக்கும் என்னிடம் சொன்னாள். கத்தி இறங்கவே கஷ்டப்பட்டதாம்.

சிட்னிக்கு வெகு வடக்கே, ஹெர்பர்ட் ஆற்றங்கரையில், ஹாலிஃபாக்ஸ் பக்கம், எங்கள் எல்லாருக்கும் கரும்புதான். எங்கள் தாத்தாக்கள் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்து கையால் வெட்டினார்கள். எங்கள் அப்பாக்கள் இயந்திரத்தால் வெட்டினார்கள். மகனுக்கு நிலம், மகளுக்குப் பெட்டி நிறையப் படுக்கை விரிப்பு என்ற வழக்கத்தை மட்டும் கப்பலிலிருந்து இறக்கியவர்கள் இன்னும் கீழே வைக்கவில்லை. ரெனாட்டாவுக்கும் ஒரு பெட்டி இருந்தது. ஓரத்தில் பூவேலை செய்த இருபத்துநாலு லினன் விரிப்புகள், அத்தனையும் இர்மா தைத்தவை. போன வருஷம் ரெனாட்டா அதில் ஒன்றைக் கிழித்து வண்டியின் எண்ணெய்க் குழாயைத் துடைத்தாள். இர்மா மூன்று நாள் அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுக்கவில்லை.

ரெனாட்டாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு தடவை கல்யாணம் செய்து, கெய்ர்ன்ஸில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு மே மாதம் திரும்பி வந்தாள். ஜூன் மாதம் மில்லில் கரும்பு அரவை தொடங்கியது. சுமை வண்டிக்கு ஆள் கிடைக்கவில்லை. “ஆள் கிடைக்கிற வரைக்கும் ஓட்டு” என்றார் அப்பா ஒத்தாவியோ. அதற்குப் பிறகு யாரும் ஆள் தேடவில்லை.

அவர் வெட்டும் இயந்திரத்தில். அவள் அதன் பக்கத்திலேயே ஊர்ந்து வரும் சுமை வண்டியில். துண்டு துண்டாக வந்து விழும் கரும்பை வாங்கிக்கொண்டு போய், கரும்பு இழுக்கும் குட்டி ரயில் வந்து நிற்கும் கிளைத் தண்டவாளமான சைடிங்கில், மில்லின் இரும்புப் பெட்டிகளில் கொட்டிவிட்டு மறுபடி ஓடி வர வேண்டும். ஜூனிலிருந்து நவம்பர் வரை, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி. ஆனால் பேச்சுக் கிடையாது. எல்லாம் கை ஜாடையும் ஹார்னும்தான். ஒரு தடவை அடித்தால் வா. இரண்டு தடவை அடித்தால் நில். நீளமாக அடித்தால் கழுதையே, எங்கே பார்த்து ஓட்டுகிறாய் என்று அர்த்தம். முதல் பருவத்தில் நீள ஹார்ன் நிறையக் கேட்டது. பிறகு பல வருஷங்களாகக் கேட்கவே இல்லை. அதை ரெனாட்டா பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், ஒத்தாவியோ தட்டில் மிச்சமிருந்த குழம்பை ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு, மில்லிலிருந்து வந்த பெட்டிக் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“புதன்கிழமை இங்காம்ல வக்கீலப் பாக்கறோம். பண்ணைய டீனோ பேருக்கு மாத்தணும். எனக்கும் அறுபத்தெட்டு ஆச்சு. டீனோ, நீ லீவு சொல்லிட்டு இங்கயே இரு.”

டீனோ ரெனாட்டாவின் தம்பி. டவுன்ஸ்வில்லில் முதுகுவலிக்காரர்களுக்கு மசாஜும் பயிற்சியும் கொடுக்கும் வேலை. நல்ல பையன்தான். கரும்புப் பூ பட்டால் தும்முவான். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. செப்டம்பரில் இப்படியொரு மழையை நாங்கள் பார்த்ததில்லை. கடல் பக்கம் எப்போதும் தெரியும் ஹின்சின்புரூக் மலை கண்ணிலிருந்து மறைந்தே போனது. வயலில் இயந்திரம் இறங்க முடியாது, கரும்பு வராது, அதனால் மில் நிறுத்தம் என்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே செய்தி வந்துவிட்டது.

திங்கள் காலை மழை விட்டிருந்தது. ரெனாட்டா காப்பியோடு வெளியே வந்தபோது, வீட்டுக் காரின் பின்சீட்டில் இர்மா உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்துக்குப் போடும் நீல கவுன், தொப்பி, மடியில் கைப்பை. பக்கத்தில் குளிர்பெட்டி.

“எங்கம்மா கிளம்பிட்ட?”

“வாலமன் அருவிக்கு.”

“யாரோட?”

“உங்க மூணு பேரோட. மில் இல்ல. வெட்டு இல்ல. டீனோ இருக்கான். மழை பெஞ்சிருக்கு, தண்ணி இருக்கும். உங்கப்பாவுக்கு இன்னைக்கு என்ன சாக்குன்னு கேளு. நான் இறங்க மாட்டேன்.”

ஒத்தாவியோ வாசலில் வந்து நின்று பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். சாக்கு எதுவும் எங்கேயும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். சாவி ரெனாட்டாவிடம் இருந்தது.

எங்கள் ஊரிலிருந்து வாலமன் எழுபது கிலோமீட்டர். ஜெர்மனியிலிருந்து எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் போவதில்லை. வறண்ட மாதங்களில் எங்களுக்கு வெட்டு. மழை மாதங்களில் மலைப்பாதை மூடியிருக்கும். கல்யாணமான புதிதில் இர்மா ஒரு தடவை கேட்டாளாம். ‘அரவை முடியட்டும்’ என்றாராம்.

இங்காம் தாண்டி ட்ரெபோன் வழியாகப் போனார்கள். இரண்டு பக்கமும் ஈரம் சொட்டும் கரும்பு. ஒத்தாவியோ ஒவ்வொரு வயலையும் திட்டிக்கொண்டே வந்தார்.

“இவன் எப்பவும் லேட்டாத்தான் வெட்டுவான். பாரு, எல்லாம் சாஞ்சு கெடக்கு.”

“அருவி பாக்கப் போறோம், ஒத்தாவியோ. கரும்பு பாக்க இல்ல.”

“அருவி வர்ற வரைக்கும் கண்ண மூடிக்கவா?”

“வாய மூடிக்கலாம்.”

டீனோ சிரித்தான். இர்மா அவனுக்கு அவித்த முட்டை ஒன்றை உரித்துக் கொடுத்தாள். சலாமியும், எண்ணெயில் ஊறிய கத்திரிக்காயும் வைத்த ரொட்டி நாலு பேருக்கு எட்டு இருந்தது. அது இடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் என்று இர்மா சொன்னாள். ஒத்தாவியோ ட்ரெபோனிலேயே ஒன்றைத் தின்றுவிட்டார்.

மலை ஏறுகிற இடத்தில் ஒரு மாட்டுப் பட்டி இருக்கிறது. அதைத் தாண்டினால் போன் எடுக்காது. பட்டிக்குப் பக்கத்தில் வரும்போது ரெனாட்டாவின் போன் அடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசினாள். குட்டி ரயில் ஓட்டும் கிளைவ்.

“ரெனா, எங்க இருக்க?”

“மலைக்குக் கீழ. அம்மாவ வாலமனுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“அப்படியா? மில் பன்னெண்டு மணிக்கு ஆரம்பிக்குது. உங்க சைடிங்ல இருபத்துநாலு காலிப் பெட்டி இறக்கிட்டேன்.”

“எங்களுக்கு யாரு பெட்டி கேட்டா?”

“உங்கப்பாதான் நேத்து சாயங்காலம் ஆபீசுக்குப் போன் பண்ணினாராம். மறுபடி எப்ப ஆரம்பிச்சாலும் முதல் பெட்டி எங்களுக்குன்னு.”

ரெனாட்டா போனைக் காதிலிருந்து எடுக்காமலே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒத்தாவியோவுக்கு இடது காது கேட்காது. இயந்திரத்தின் இரைச்சல் தின்றுவிட்டது. ஆனால் பெட்டி என்ற வார்த்தை மட்டும் எந்தக் காதிலும் விழும்.

“பெட்டி வந்துடுச்சா?”

“நேத்து மில் நிக்குதுன்னு தெரிஞ்சும் பெட்டிக்குச் சொன்னீங்களா?”

“எப்பவும் சொல்றதுதான. முதல்ல சொன்னாத்தான் முதல்ல கிடைக்கும்.”

“அம்மா கவுன் போட்டு உக்காந்தப்ப ஞாபகம் வரலயா?”

“மில் ரெண்டு நாள் நிக்கும்னு நினைச்சேன். திருப்பு வண்டிய. பதினொண்ணரைக்குப் போயிடலாம்.”

பின்சீட்டில் இர்மா கைப்பையின் கொக்கியை ஒரு தடவை திறந்து மூடினாள். அந்தச் சத்தம் ரெனாட்டாவுக்குக் கேட்டது.

நியாயமாகப் பார்த்தால் திரும்பத்தான் வேண்டும். காலிப் பெட்டியைச் சைடிங்கில் நிறுத்திவிட்டு நிரப்பாமல் போவது எங்கள் ஊரில் தேவாலயத்தில் செருப்பைத் தூக்கி எறிவதற்குச் சமம். அடுத்த ஆளின் பெட்டி நிற்க இடமில்லாமல் போகும். வெட்டுக் குழுவில் ஆறு குடும்பம். ஆறும் பேசும். பெர்தோலா வீட்டில் ஒத்தாவியோவின் அப்பா காலத்திலிருந்து ஒரு பெட்டி காலியாகப் போனதில்லை.

“ரெனா? இருக்கியா?” என்றான் கிளைவ்.

“இருக்கேன். கிளைவ், அந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போய் நெல்லோ வீட்டு சைடிங்ல விடு. அவங்க நிலம் மேடு, தண்ணி வடிஞ்சிருக்கும். ஆபீஸ்ல சொல்லிடு, இன்னைக்கு நாங்க வெட்டல.”

“யாரு சொன்னதா சொல்லட்டும்?”

“நான் சொன்னதா சொல்லு.”

“சரிங்க, முதலாளி” என்றான் கிளைவ். அவன் கேலியாகத்தான் சொன்னான். கொஞ்சம் ஆசையாகவும் சொல்லியிருக்கலாம், அவன் அப்படித்தான். ரெனாட்டா போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டு, வண்டியைக் கிளப்பி, மேலே ஏறும் பாதையில் விட்டாள்.

வண்டி முதல் வளைவைத் தாண்டியது.

“யாரக் கேட்டுச் சொன்ன?” என்றார் ஒத்தாவியோ.

“யாரையும் கேக்கல.”

“என் பேருல இருக்கிற பெட்டி அது.”

“ஆத்தோர வயல்தான அடுத்து வெட்டணும். ராத்திரி முழுக்க மழை. அதுல இன்னைக்கு மெஷின இறக்கினா கட்டையெல்லாம் பிடுங்கிட்டு வரும். அடுத்த வருஷம் அந்தக் கட்டையிலருந்து மறுதாம்பு முளைக்காது. உங்களுக்குத் தெரியாதா?”

“மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது.”

“மெதுவா ஓட்டித்தான் ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல பின்பக்க வயல நாசம் பண்ணினோம். பெட்டி காலியாப் போகக் கூடாதுன்னு.”

“அடுத்த வருஷத்தப் பத்தி உனக்கு என்ன? அது டீனோ பாடு.”

ரெனாட்டா கியரை மாற்றி மேட்டில் ஏற்றினாள்.

“டீனோ,” என்றார் ஒத்தாவியோ, “நீ சொல்லு. திரும்பலாம்னு சொல்லு. நீதான இனிமே பாக்கணும்.”

“இன்னைக்குத் திரும்பினா சுமை வண்டிய யாரு ஓட்டுவா?”

“ரெனாதான்.”

“அவ ஓட்ட மாட்டேங்கிறாளே.”

“அப்ப நீ ஓட்டு.”

“அப்பா, நான் கடைசியா ஓட்டினப்ப ரயில் பாதைக்குக் குறுக்க நிறுத்திட்டேன். நாலு மணி நேரம் மில்லுக்குக் கரும்பே போகல. இன்னும் எனக்கு கிறிஸ்துமஸ் கார்டுல அதப் பத்தி எழுதறாங்க.”

“பழகினா வந்துடும்.”

“எனக்கு முப்பத்தஞ்சு வயசுப்பா.”

“வேணாம்னா வேணாம்னு சொல்லு” என்றாள் ரெனாட்டா, கண்ணாடியில் அவனைப் பார்த்து.

டீனோ ஜன்னல் பக்கம் திரும்பினான். “அவரு குடுக்கும்போது வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல, ரெனா. நீ என்னத் திட்டலாம். திட்டு.”

பாதை செம்மண்ணாக மாறி, வளைந்து வளைந்து ஏறியது. மரங்கள் நெருங்கிவிட்டன. ஒரு வளைவில் ஏழெட்டு மாடுகள் பாதையிலேயே படுத்திருந்தன. அந்த மலையில் மாடுகளுக்கு வேலி கிடையாது. வண்டிகளுக்காக எழுந்திருக்கும் பழக்கமும் கிடையாது. ரெனாட்டா ஹார்ன் அடித்தாள். ஒரு மாடு காதை ஆட்டியது.

ஒத்தாவியோ கதவைத் திறந்து இறங்கினார். மாட்டை விரட்டப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மாடுகளைப் பார்க்கவே இல்லை. தொப்பியை அழுத்திக்கொண்டு, வந்த வழியே கீழே நடக்க ஆரம்பித்தார்.

“அப்பா எங்க போறாரு?” என்றான் டீனோ.

“ஹாலிஃபாக்ஸுக்கு” என்றாள் இர்மா. “பெட்டிய ரொப்ப.”

“அறுபது கிலோமீட்டர்மா.”

“நடக்கட்டும். உடம்புக்கு நல்லதுன்னு நீதான சொல்லுவ எல்லாருக்கும்.”

ரெனாட்டா எஞ்சினை அணைத்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மாடுகள் அசை போட்டன. இர்மா ஒரு ரொட்டியை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள். மரங்களிலிருந்து தண்ணீர் வண்டியின் கூரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

பத்து நிமிஷம் கழித்து ஒத்தாவியோ திரும்பி வந்தார். வேகமாக வந்தார். ஒரு காலை உதறிக்கொண்டே வந்தார். குறுக்கு வழி என்று புல்லுக்குள் இறங்கியிருக்கிறார். இரண்டு கணுக்காலிலும் அட்டை. சாக்ஸ் முழுக்க ரத்தம்.

“உக்காரு” என்றாள் இர்மா. பின்கதவைத் திறந்து, அவரை விளிம்பில் உட்கார வைத்து, பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி, முட்டைக்கு என்று பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த உப்பை எடுத்து ஒவ்வொரு அட்டையின் மேலும் வைத்தாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு. எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிச்சு பாரு. நாப்பத்தோரு வருஷமா நான் கூட இவ்வளவு ஒட்டல.”

“வலிக்குது, இர்மா.”

“அட்டை கடிச்சா வலிக்காது. கௌரவம்தான் வலிக்கும்.”

ரெனாட்டா வண்டியைச் சுற்றி வந்து எதிரில் நின்றாள். அப்பாவின் கால் அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பதினேழு வருஷத்தில் அவரைப் பூட்ஸ் இல்லாமல் பார்த்ததில்லை.

“ஒண்ணு கேக்கறேன் அப்பா. எனக்கு ஏன் இல்ல?”

“என்னது?”

“டீனோன்னு ஏன் முடிவு பண்ணினீங்க? பையன்னா?”

ஒத்தாவியோ அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எங்க வீட்டுல நாங்க ரெண்டு பையனுங்க. பெரியவன் செர்ஜியோவுக்குத்தான் நிலம்னு எல்லாரும் நினைச்சாங்க. ஒரு நாள் மதியம், வெட்டுறவங்க பன்னெண்டு பேரும் சாப்பிட்டுட்டு இருக்காங்க, அவ்வளவு பேருக்கு நடுவுல நான் எழுந்து நின்னு, நிலம் எனக்கு வேணும்னு எங்கப்பாகிட்ட கேட்டேன். செர்ஜியோ வாயத் திறக்கல. எங்கப்பா அன்னைக்கே சொல்லிட்டாரு. வேணும்கிறவன் கேப்பான், கேக்காதவன் ஒரு நாள் போயிடுவான்னு. செர்ஜியோ போயிட்டான், சிட்னிக்கு. டீனோ கேட்டான். நீ கேக்கல.”

“நான் எப்ப கேட்டேன்?” என்றான் டீனோ.

“சின்ன வயசுல. கொட்டகையில. ‘இந்த டிராக்டர் எல்லாம் எனக்குத்தானப்பா’ன்னு கேட்ட.”

“அப்பா, எனக்கு அப்ப ஆறு வயசு. எனக்கு அந்தச் சிவப்புக் கலர் பிடிச்சிருந்தது.”

“கேட்டியா இல்லயா?”

இர்மா அட்டையை ஒரு இலையால் எடுத்து எறிந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் தோள் குலுங்கியது. ரெனாட்டா சிரிக்கவில்லை.

“நான் பதினேழு வருஷம் உங்க பக்கத்துல ஓட்டினேன்.”

“ஒவ்வொரு நவம்பரும் நீ போயிடுவன்னுதான் நினைச்சேன். ஒவ்வொரு ஜூனும் வந்து சாவிய எடுத்துக்கிட்ட. நான் என்ன கேக்கறது? நீ ஒண்ணும் சொல்லல.”

“நீங்களும் ஒண்ணும் சொல்லல.”

“நான் எதுக்குச் சொல்லணும்? நிலம் என்கிட்டதான இருக்கு.”

ரெனாட்டா போய் மாடுகளை விரட்டினாள். தன் தொப்பியைக் கழற்றி, தேவைக்கு மேலேயே அடித்து விரட்டினாள். ஒவ்வொன்றாகச் சலிப்போடு எழுந்து ஓரத்துக்குப் போயின. பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, எல்லாரும் ஏறும்வரை எஞ்சினை உறுமவிட்டாள்.

மிச்ச தூரம் முழுக்க அவள் உள்ளே பேசிக்கொண்டே வந்தாள். ஆறு வயதுப் பையன் ஒரு டிராக்டரின் கலரைக் கேட்டது கணக்கில் இருக்கிறது. பதினேழு பருவம் விடிவதற்கு முன்னால் எழுந்தது கணக்கில் இல்லை. பிரேக் பிடிக்காத வண்டியைச் சகதியில் தனியாக நிறுத்திய அன்று இல்லை. காய்ச்சலில் ஓட்டிய வாரம் இல்லை. கேட்கமாட்டேன் என்று அவள் இவ்வளவு காலம் பிடித்துவைத்திருந்தது மானம் என்று நினைத்திருந்தாள். அந்த மானத்தை இந்த மனுஷர் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அதை நினைக்க நினைக்க அவளுக்குக் காது சுட்டது.

மேலே வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு கேரவான்களும் ஒரு சுற்றுலா பஸ்ஸும் நின்றன. கதவைத் திறந்ததும் சத்தம்தான் முதலில் வந்தது. மில்லின் உருளைகள் முழுவேகத்தில் ஓடுகிற சத்தத்தைவிடப் பெரிய சத்தம். காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது.

பார்வை மேடையில் இருபது பேர் மழைக் கோட்டுடன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக மேகம். பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றியது போல.

“ஒரு மணி நேரமா நிக்கறோம்” என்றார் ஒரு கேரவான்காரர். “சத்தம் மட்டும்தான் வருது.”

“பாத்தாச்சு. போலாம்” என்றார் ஒத்தாவியோ.

இர்மா குளிர்பெட்டியைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தாள். கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். “எனக்கு அவசரம் இல்ல.”

உட்கார்ந்தே காப்பி ஊற்றினாள். டீனோவுக்கு ரொட்டி கொடுத்தாள். கேரவான்காரருக்கும் அவர் மனைவிக்கும் ஒன்று கொடுத்தாள். கத்திரிக்காய் நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னாள். இர்மா எப்படிச் செய்வது என்று கத்திக் கத்தி விளக்கினாள். ஒத்தாவியோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பன்னிரண்டு ஆனது. மில் தொடங்கியிருக்கும்.

பன்னிரண்டரைக்குக் காற்று திரும்பியது. மேகம் கீழிருந்து கிழிந்தது. முதலில் எதிர்ப்பக்கத்துப் பாறை தெரிந்தது, கறுப்பாக, நனைந்து. பிறகு அதன் உச்சியிலிருந்து தண்ணீர். விழுகிறது, விழுகிறது, கண் தொடர்ந்து போகப் போக இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது. அடி எங்கே என்று தெரிய நேரமானது.

இர்மா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தொப்பி ஈரத்தில் தொங்கிவிட்டது. வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தத் தண்ணி எங்க போகுது?” என்று கேட்டாள்.

“நம்ம ஆத்துக்குத்தான்” என்றாள் ரெனாட்டா.

“ஹெர்பர்ட்டுக்கா?”

“ஆமா.”

“அப்ப என் சமையக்கட்டுக்குள்ள மூணு தடவ வெள்ளமா வந்தது இதுதான்.” இர்மா அருவியை முறைத்தாள். “நான் இதப் பாக்க வர முடியலன்னு ஏங்கிட்டு இருந்தேன். இது என் வீட்டுக்கே வந்து பிரிட்ஜ தூக்கிட்டுப் போயிருக்கு.”

டீனோ வெடித்துச் சிரித்தான். இர்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“எனக்கு என் மேலதான் கோவம், ரெனா” என்றாள், மகள் காதுக்குப் பக்கத்தில் வந்து. “உங்கப்பா வேணாம்னு சொல்லல. அரவை முடியட்டும்னாரு. அரவை நவம்பர்ல முடிஞ்சுது. மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி நான் டிசம்பர்லயே கேட்டிருக்கலாம். ஒரு தடவ கேட்டதே பெருசுன்னு வீம்பா இருந்துட்டேன். வீம்பு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. இவ்வளவு தண்ணி அதுபாட்டுக்கு விழுந்துட்டு இருந்திருக்கு.”

அவள் மறுபடி கம்பிப் பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒத்தாவியோ மேடையின் மறு முனையில் நின்றிருந்தார். அவரும் அருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ரெனாட்டா பார்ப்பதைக் கண்டதும் மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு கையால் ஒரு வட்டம் போட்டார். வண்டியைக் கிளப்பு என்று அர்த்தம். வயலில் காட்டுகிற அதே சைகை.

ரெனாட்டா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கிளம்பினால் வண்டியில் ஏறுவாள், ஓட்டுவாள், நாளை விடியும், புதன்கிழமை விடியும், யாரும் யாரையும் எதுவும் கேட்காமலே பத்திரத்தில் மை காய்ந்துவிடும்.

“அப்பா, எனக்கு ஒண்ணு வேணும்” என்றாள்.

அவர் காதருகில் கை வைத்துத் தலையை ஆட்டினார். அருவிச் சத்தத்தில் அவர் காதில் ஒன்றும் விழவில்லை. கிட்டே வா என்று சைகை காட்டினார்.

அவள் கிட்டே போகவில்லை. நடுவில் இருபது பேர் மழைக் கோட்டுடன் நின்றார்கள். நடுவில் டீனோ பாதி ரொட்டியுடன் நின்றான். அவனைப் பார்த்தாள். அவன் ரொட்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்து, அக்காவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் வழி விட்டான்.

ரெனாட்டா கம்பியின் கீழ்க்குழாயில் ஒரு காலை ஊன்றி ஏறி, எல்லார் தலைக்கும் மேலாக நிமிர்ந்தாள். வயிற்றிலிருந்து குரலை எடுத்தாள். கேரவான்காரர்கள் திரும்பினார்கள். பஸ்ஸிலிருந்து வந்தவர்கள் கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். இர்மா மட்டும் திரும்பவில்லை. அவள் கம்பியைப் பிடித்த கை மட்டும் இறுகியது.

“பண்ணை எனக்கு வேணும் அப்பா” என்று கத்தினாள் ரெனாட்டா. “டீனோவுக்கு எழுதாதீங்க. என் பேருக்கு எழுதுங்க. இத்தனை பேருக்கு நடுவுல கேக்கறேன். அந்த நிலம் எனக்கு வேணும்.”